பழைய வழக்குக்கும் 479 பொருந்தும்

வணக்கம் அண்ணாச்சி. உங்கள் கட்சிக்காரர் 2023-ல் பதிவான வீட்டுத் திருட்டு வழக்கில் (இந்தியத் தண்டனைச் சட்டம், இ.த.ச. 380) பாளையங்கோட்டை மத்திய சிறையில் 29 மாதமாக இருக்கிறார், குற்றம் பழைய சட்டத்தில் என்பதால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479, அதாவது தண்டனைக் காலத்தின் குறிப்பிட்ட பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடுவிக்கும் பிரிவு, பொருந்தாது என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும். புதிய சட்டம் அமலான 2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்குகளில் இருக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த உத்தரவின் நகலை மனுவோடு இணையுங்கள்.

கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய 3 ஆண்டை எடுக்காதீர்கள். அந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனையே அளவு. 380-க்கு 7 ஆண்டு, விடுவிக்கக் காவலில் கழிந்திருக்க வேண்டிய மூன்றில் ஒரு பங்கு 28 மாதம். அவருடைய தரப்பால் ஏற்பட்ட தாமதம் இந்தக் காவல் கணக்கிலிருந்து கழியும், ஆகவே வாய்தா விவரத்தைப் பார்த்துவிட்டு, காவல் நாட்களுக்குச் சிறையிலிருந்து எழுத்துச் சான்று வாங்குங்கள்.

முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவருக்கு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு, மற்றவருக்குப் பாதி. வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் விடுவிப்புக்கு உட்பிரிவு (2) குறுக்கே வரும். முதலில் அதை விசாரியுங்கள், மனுக்கள் அங்கே விழக்கூடும்.

மனுவில் 'ஜாமீன்' என்று கேட்காமல் சொந்தப் பிணைப் பத்திரத்தில் விடுவிக்கக் கேளுங்கள். சட்டத்தின் சொல்லே அதுதான், ஜாமீன்தாரர் வேண்டாம். ஏழைக்கு இதுதான் பெரிய வித்தியாசம். ஜாமீன்தாரர் கேட்பதானால் அரசு வழக்கறிஞரைக் கேட்டு, காரணத்தை நீதிமன்றம் எழுத வேண்டும்.

உட்பிரிவு (3)-ன்படி மனுப் போடுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவருக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். அதற்காகக் காத்திருக்காமல் உங்கள் மனுவையும் தாக்கல் செய்யுங்கள்.