தொலைதூர விமான டிக்கெட்: குறைக்க முடிந்த இடமும் கை வைக்கக் கூடாத இடமும்

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். கண்டம் தாண்டிப் போகிற டிக்கெட்டின் விலையைப் பார்த்து மலைத்துப்போய்ப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், சில வருடங்களுக்கு முன் போன அதே வழி, அதே எகானமி சீட். விலை மட்டும் ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது?

பதில்: காரணம் ஒன்றல்ல. விமான நிறுவனத்தின் செலவில் கால் பங்கு அளவுக்கு எரிபொருளுக்கே போய்விடும். அதிலும் நெடுந்தூர விமானம் ஒரு தனிக் கணக்கு. பதினான்கு மணி நேரம் பறக்க வேண்டுமென்றால், கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதின்மூன்று மணி நேரமும் சுமந்துகொண்டே பறக்க வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவும் எரிபொருள் எரியும். அப்புறம் 2022 பிப்ரவரியில் யுக்ரேன் போர் தொடங்கியதும் பல நாட்டு நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி இல்லாமல் போனது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆன பயணம் சுற்றிப் போவதால் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இன்னொன்று, விமானங்களே போதவில்லை. போயிங் நிறுவனத்தின் புதிய நெடுந்தூர விமானமான 777-எக்ஸ் 2020-லேயே சேவைக்கு வந்திருக்க வேண்டியது, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. சீட் கூடாத வரைக்கும் விலை இறங்காது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, நான்கு பேர் என்று போட்டதும் தலைக்கு இவ்வளவு என்பதே ஏறிவிடுகிறது. இது ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் இது எப்படி நடக்கிறதென்று தெரிந்தால் நல்ல பணம் மிஞ்சும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எகானமி வெளியே ஒரே வகுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பல விலைப் படிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. எங்கள் திரையில் எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் நிற்கும். 2 என்றால் அந்தப் படியில் இரண்டு சீட் பாக்கி. 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. மலிவான படியில் 2 நிற்கும்போது நீங்கள் நான்கு சீட் கேட்டால், முன்பதிவுக் கணினி இரண்டை மலிவிலும் இரண்டை அடுத்த படியிலும் தருவதில்லை. நான்கும் சேர்ந்து கிடைக்கிற படிக்கு எல்லோரையும் ஏற்றிவிடுகிறது.

ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடுங்கள். அப்புறம் இருவர், மூவர் என்று கூட்டிப் பாருங்கள். விலை எங்கே தாவுகிறதோ அங்கே டிக்கெட்டைப் பிரியுங்கள். மலிவான இரண்டை முதலில் போட்டுவிட்டு, உடனே அதே ஃப்ளைட்டில் மற்ற இரண்டைப் போடுங்கள். குழந்தைகள் இருந்தால் ஒவ்வொரு பி.என்.ஆரிலும் (முன்பதிவு எண்ணிலும்) ஒரு பெரியவர் இருக்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்ததும் விமான நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, இரண்டு பி.என்.ஆரும் ஒரே குடும்பம் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால், ஃப்ளைட் ரத்தாகும்போது பாதிக் குடும்பத்தை இன்றும் மீதியை நாளையும் அனுப்பிவிடக் கூடும்.

கேள்வி: செவ்வாய்க்கிழமை டிக்கெட் போட்டால் மலிவு என்கிறார்கள். ஒரே வழியைத் திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறுமாமே?

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள். டிக்கெட் போடுகிற கிழமை முக்கியமில்லை, பறக்கிற கிழமைதான் முக்கியம். தேடிக்கொண்டிருக்கும்போதே விலை ஏறினால், பெரும்பாலும் நான் மேலே சொன்ன மலிவுப் படி அதற்குள் தீர்ந்திருக்கும். விலை மாறினால் தகவல் அனுப்பும் விலை எச்சரிக்கையைப் போட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: அண்ணா, பாதி வழி ஒரு நிறுவனம், மீதி வழி இன்னொன்று எனத் தனித்தனியாக எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். என் சொந்தப் பயணத்துக்கு இதே மூன்று மணி நேர இடைவெளி வைத்து இரண்டு தனி டிக்கெட் எடுத்தேன். முதல் ஃப்ளைட் ஐம்பது நிமிடம் தாமதம். அதைத் தாங்கலாம் என்றுதான் நினைத்தேன். குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம் போனது. பெட்டி வரும் பெல்ட்டின் முன்னால் நின்று, யார் யாருடைய பெட்டியோ சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி வந்து, அதைத் தள்ளிக்கொண்டு அடுத்த நிறுவனத்தின் கவுன்டருக்கு ஓடியபோது செக்-இன் முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை. அவர்கள் கணக்கில் நான் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். அன்று வாங்கிய புது டிக்கெட், முதலில் வாங்கிய இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் கனெக்‌ஷன் தவறினாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வெளியே வர வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். அமெரிக்கா வழியாகப் போனால், ஒரே டிக்கெட்டிலேயே டிரான்சிட் பயணியும் குடியேற்றச் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

தனி டிக்கெட்தான் வழி என்றால் நடுவில் ஒரு முழு இரவு விடுங்கள், கைப்பையோடு மட்டும் போங்கள்.

கேள்வி: ஒரு வழி டிக்கெட்டைவிட இரு வழி மலிவாக இருக்கிறது. இரு வழி எடுத்துவிட்டு ஒரு பகுதியை விட்டுவிடலாமா?

பதில்: முதல் பகுதியை ஒருநாளும் விடாதீர்கள். நோ-ஷோ, அதாவது பயணி வரவில்லை என்று பதிவாகி, மிச்சமுள்ள எல்லாப் பகுதியும் தானாகக் கேன்சல் ஆகிவிடும். திரும்பும் பகுதியைச் சிலர் விடுகிறார்கள். பல நிறுவனங்களின் விதிகள் அதை ஏற்பதில்லை. இன்னும் சிலர் நடுவழியில் இறங்கிவிட நினைக்கிறார்கள். நீங்கள் இறங்கினாலும் செக்-இன் செய்த பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போய்விடும்.

கேள்வி: என் மகளுக்கு இப்போது ஒரு வயது பத்து மாதம். அவளுக்கு டிக்கெட் எப்படி?

பதில்: இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வந்தால் பன்னாட்டுப் பயணத்தில் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். நீங்கள் திரும்புவதற்குள் மகளுக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டால் வரும்போது தனிச் சீட் எடுத்தாக வேண்டும். முடிந்தால் பிறந்தநாளுக்கு முன்னால் திரும்பி வருகிற மாதிரி தேதியை வையுங்கள் அம்மா.

கேள்வி: அப்பா அம்மா கடல் தாண்டி இருக்கிறார்கள், இருவருக்கும் வயதாகிவிட்டது. திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் அந்த விலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, அதனால் இப்போதே செய்யக் கூடியதைச் சொல்கிறேன்.

பறக்கப் பறக்க விமான நிறுவனம் தருகிற மைல் புள்ளிகள் சேர்ந்திருந்தால் சுற்றுலாவுக்குச் செலவழிக்காமல் இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். காசுக்கு விலை உச்சத்தில் இருக்கிற கடைசி நாட்களிலும் சில நேரம் புள்ளிக்குச் சீட் திறந்திருக்கும். பல நிறுவனங்களில் புள்ளிகளுக்குக் காலாவதி உண்டு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா இரண்டும் எப்போதும் செல்லுபடியாக இருக்கட்டும். விசா இல்லாததால் போய்ச் சேர முடியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நாள் வந்தால் இணையத்தில் மட்டும் தேடாமல் நிறுவனத்துக்கே ஃபோன் செய்யுங்கள். ஏர் கனடா, டெல்டா போன்ற சில நிறுவனங்கள் நெருங்கிய உறவினரின் மரணத்தின்போது சலுகை தருவதுண்டு. ஆவணம் கேட்பார்கள், சொல்லக் கூச்சப்படாதீர்கள். எப்போது திரும்புவோம் என்று தெரியாவிட்டாலும் ஒரு வழி மட்டும் எடுத்துவிடாமல், தேதி மாற்ற அனுமதிக்கிற இரு வழி டிக்கெட்டின் விலையையும் கேளுங்கள். பல தடத்தில் அதுவே குறைவாக வரும்.

கேள்வி: மலிவு டிக்கெட் என்றால் தாமதமானாலோ ரத்தானாலோ எந்த உரிமையும் கிடையாதா?

பதில்: சட்டத்துக்கு மலிவு டிக்கெட், விலை கூடிய டிக்கெட் என்ற வேறுபாடு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து எந்த நிறுவனத்தில் கிளம்பினாலும், அல்லது ஒன்றியத்தின் நிறுவனத்தில் அங்கே போனாலும், 261/2004 என்ற விதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நிறுவனத்தின் தவறால் பெரும் தாமதமானால் 600 யூரோ வரை கிடைக்கும். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ போகிற டிக்கெட்டை ஏழு நாளுக்கு முன்பே நேரடியாக நிறுவனத்திடம் எடுத்தால், 24 மணி நேரம் விலையைப் பிடித்து வைக்கவோ அபராதமின்றிக் கேன்சல் செய்யவோ வழி தர வேண்டும்.

கேள்வி: எழுபத்து மூன்று வயது அம்மா தனியாக வருகிறார். நேரடி ஃப்ளைட் கட்டுப்படியாகவில்லை. இறங்கி ஏறும் ஃப்ளைட்டில் வரச் சொல்லலாமா?

பதில்: வரச் சொல்லலாம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் இறங்கி ஏறுவதாக, ஒரே டிக்கெட்டாக இருந்தால். இடைவெளி மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இடைவெளிக்கு விலை குறைவாகக் காட்டினாலும் அதை எடுக்காதீர்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருமுறை ஃபோனில் உறுதிசெய்யுங்கள். இறங்கும் ஊர், அடுத்த ஃப்ளைட் எண், உங்கள் ஃபோன் நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.