கியர் போட்டதும் 'டொங்': டிஃபரன்சியலில் கை வைக்க முன்

மாரி முடிந்தால் இந்தச் சத்தத்தோடுதான் ஆட்கள் வருவார்கள். வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளத்துக்குள் இறங்கி ஏறிய பழைய ஃபோர் வீல் வாகனங்களின் அடிப்பாகம் பிறகுதான் பேசத் தொடங்கும்.

நிலாவெளி வாசகர்: என்னிடம் பழைய ஹைலக்ஸ் டபிள் கப் இருக்கிறது. எடுக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் அடியில் 'டொங்' என்கிறது. டிஃபரன்சியல் போய்விட்டதாம். மாற்றவா?

இப்போதைக்கு வேண்டாம். டிஃபரன்சியல் என்பது ஆக்சிலின் நடுவில் இருந்து சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு. எஞ்சினிலிருந்து சில்லு வரை உள்ள ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தளர்வு இருக்கும். எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒற்றைச் சத்தமாகக் கேட்கிறது. எந்த மூட்டில் அதிகம் என்று பார்க்காமல் பாகம் வாங்குவது வீண் செலவு.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வையுங்கள். ஜக் போடத் தேவையில்லை. அடியில் படுத்து, பின் புரொப்பெல்லர் சாஃப்டை (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு) இரண்டு பக்கமும் கையால் முறுக்குங்கள். சாஃப்டின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டுத்தான் குரொஸ். குரொஸின் ஒரு பக்கம் திரும்பியும் மறுபக்கம் அசையாமல் நின்றால் குரொஸ் தேய்ந்துவிட்டது. குரொஸின் முனைகளை மூடும் கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் முறுக்கிப் பார்க்கவே தேவையில்லை; உள்ளே கிரீஸ் இல்லை, துருதான் இருக்கிறது.

குரொஸ் இரண்டும் நன்றாக இருந்து, முழுச் சாஃப்டும் கொஞ்சம் திரும்பி நின்றால் அவசரப்படாதீர்கள். உங்கள் டிஃபரன்சியல் விகிதம் 4.1 என்று வைத்துக்கொள்வோம். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, சாஃப்ட் 4.1 சுற்றுச் சுற்றும். அதனால் ஆக்சில் பக்கத்தில் உள்ள 2 பாகைத் தளர்வு சாஃப்டில் 8 பாகைக்கு மேலாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் நல்ல டிஃபரன்சியலைக் கழற்றுகிறார்கள். சாஃப்ட் டிஃபரன்சியலுக்குள் நுழையும் இடத்தை, அதாவது பினியன் பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அப்படி ஆடினால் பெயரிங் போய்விட்டது. அது, அல்லது ஓடும்போது ஊளைச் சத்தம், அல்லது ஒயிலில் இரும்புத் துண்டு: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் திறக்கலாம்.

அதற்கு முன் பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட் நட்டுகள் இறுக்கமா, கியர் பொக்ஸைத் தாங்கும் ரப்பர் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். இவையும் அச்சொட்டாக இதே சத்தம் போடும்.

மூதூர் வாசகர்: நிறுத்தும் கடைசி நொடியில் பின்னாலிருந்து யாரோ இடித்தது போல ஒரு தட்டு. கிரீஸ் அடித்தால் சில வாரம் இல்லை, பிறகு வருகிறது.

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். புரொப்பெல்லர் சாஃப்டில் உள்ளும் வெளியும் வழுக்கும் ஸ்ப்ளைன் (நீளவாட்டில் பள்ளம் வெட்டிய) பகுதி வறண்டுபோகிறது. ஸ்பிரிங் ஏறி இறங்க, சாஃப்ட் நீண்டு குறுக வேண்டும். அது சிக்கிக்கொண்டு திடீரென விடுபடும்போதுதான் தட்டு விழுகிறது. அந்த இடத்துக்கு மொலிப்டினம் கலந்த கிரீஸ் போடுங்கள். கூடவே அங்கே பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஸ்ப்ளைனே தேய்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் நெடுநாள் காப்பாற்றாது.

கிரீஸ் அடிப்பதிலும் அளவு வேண்டும். குரொஸில் நாலு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப் அடைபட்டிருக்கிறது. வழுக்கும் பகுதியில் அப்படி அடித்துத் தள்ளக் கூடாது. உள்ளே நிரம்பிய கிரீஸ் போக இடமில்லாமல் சாஃப்ட் குறுக முடியாமல் போகும், அந்த அடி கியர் பொக்ஸ் பெயரிங்கில் விழும்.

உப்புத் தண்ணீரிலோ வெள்ளத்திலோ இறங்கினால் அன்றைக்கோ மறுநாளோ கிரீஸ் அடியுங்கள். டிஃபரன்சியல் ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

கந்தளாய் வாசகர்: தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓடினால் வளைவில் இழுக்கிறது. பிறகு 'படார்' என்கிறது.

தார் ரோட்டில் போடாதீர்கள். முன், பின் ஆக்சில்களுக்கு இடையில் தனி டிஃபரன்சியல் இல்லாத வாகனங்களில் ஃபோர் வீல் போட்டதும் முன், பின் சாஃப்டுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட அதிக தூரம் போகும். மணலில் டயர் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் முடியாது, முறுக்கு உள்ளே சேரும். ஃபோர் வீல் லீவர் வராமல் இறுகினால் நேராகக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், விட்டுவிடும். நாலு டயரும் ஒரே அளவா என்பதையும் பாருங்கள்.

உப்புவெளி வாசகர்: ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன்னால் 'டிக் டிக்'.

முன் ஆக்சிலின் சி.வி. ஜொயின்ட், அதாவது சில்லு திரும்பி நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. ரப்பர் உறை கிழிந்து மணல் போயிருக்கும்.

நகரிலிருந்து ஒருவர்: பழைய டிஃபென்டர். அக்சிலரேட்டரை விட்டு மிதித்தால் 'டக்'. குரொஸ் எல்லாம் புதிது.

எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வண்டி, அதனால் மூட்டும் அதிகம். சில்லின் நடுவில் உள்ள சிறு மூடியைக் கழற்றி, வேறொருவரை வண்டியைக் கொஞ்சம் முன்பின் அசைக்கச் சொல்லுங்கள். ஆக்சில் முனை அசைந்தும் ஃபிளாஞ்ச் (அந்த முனையைச் சில்லோடு இணைக்கும் தட்டு) பிந்தி அசைந்தால் அங்கேதான் தேய்வு. பின் ஆக்சிலின் மேலுள்ள பந்து மூட்டையும், ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். முழுச் சத்தமும் ஒழியாது, குறைந்தால் போதும்.

கவனம்: பழைய டிஃபென்டரில் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் சாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சில்லைத் தூக்கினாலே வண்டி உருளலாம். கட்டை வைக்காமல் அடியில் போகாதீர்கள்.

கிண்ணியா வாசகர்: குரொஸ் மாற்றியதிலிருந்து வேகத்தில் நடுக்கம்.

சாஃப்டைக் குறி போடாமல் பிரித்திருப்பார்கள். இரண்டு முனைகளிலும் குரொஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். வழுக்கும் பகுதியை இழுத்து, கவைகள் நேராகும் வரை திருப்பி, மறுபடி பூட்டுங்கள்.