இருமுகிற மாடு, கழுத்தில் நெறி கட்டிய பேரன்

கேள்வி: நான்கு கறவை மாடு வைத்திருக்கிறோம். போன ஆவணியில் தரகர் மூலம் வாங்கிய ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. மூன்று மாதமாக விடியற்காலையில் எழுப்பிவிட்டால் வறட்டு இருமல். 11 லிட்டர் கறந்தது 5 லிட்டருக்கு வந்துவிட்டது. தீனி எடுக்கிறது, ஆனால் விலா தெரிகிறது. இரண்டு தடவை ஊசி போட்டும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஊசியும் கல்லீரல் டானிக்கும் 10 நாளைக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா, இல்லை சந்தையில் தள்ளிவிடலாமா? பேரனுக்கு இந்த மாட்டுப் பாலைத்தான் கறந்த சூட்டோடு கொடுப்போம். ஒரு மாதமாக அவனுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சளி என்று பாலை நிறுத்த வேண்டுமா?
— செல்லம்பட்டி அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, மாட்டுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். பேரனை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒரு மாதம் ஆகியும் கரையாத நெறியைச் சளி என்று விட்டுவைக்கக் கூடாது. நம் பாட்டிமார் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் காசநோய்தான் (டி.பி.). உங்கள் மாட்டுக்கும் அதுவாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். கிருமி பாலோடு போனால் நுரையீரலுக்கு முன்னால் தொண்டை, கழுத்து, குடல் நெறிகளில்தான் தங்கும். பையனுக்கு இருமல் இருக்காது, சளியில் ஒன்றும் தெரியாது. நெறியில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் ஒன்றை நீங்களே சொல்ல வேண்டும்: “வீட்டில் இருமுகிற மாடு இருக்கிறது, பச்சைப்பால் குடித்தான்.” இப்போது எல்லா இடத்திலும் செய்கிற ஜீன் சோதனை காசநோய் உண்டா, அதன் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சொல்லும். வந்தது மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று சொல்லாது. மாட்டுக் கிருமியான போவிஸ், பைரசினமைடு மாத்திரைக்குப் பிறவியிலேயே மசியாதது. வழக்கமான நான்கு மருந்தில் ஒன்று சும்மா போகும் என்பதால் மருந்து சாப்பிடும் காலத்தை டாக்டர்கள் நீட்டுவது உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளின் கிருமிகளைப் பிரித்துப் பார்த்து 2020இல் வெளிவந்த ஆய்வில் போவிஸ் அகப்படவில்லை, அதன் பங்காளியான ஓரிஜிஸ் அகப்பட்டது. அதற்குப் பைரசினமைடு கேட்கும். எந்தக் கிருமி என்று கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை வளர்த்து, பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பாலை நிறுத்த வேண்டாம். பச்சையாகக் குடிப்பதைத்தான் நிறுத்த வேண்டும். இந்த மாட்டுப் பால் மட்டும் இப்போதைக்கு வீட்டுக்கும் வேண்டாம், விற்பனைக்கும் வேண்டாம். மற்ற மூன்றின் பால் பொங்கி எழுந்த பிறகு தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கட்டும். 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலே சாகிற கிருமிதான், கொதியில் நிற்காது. தயிராக்கினால் புளிப்பில் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், காய்ச்சிய பாலில்தான் உறை ஊற்ற வேண்டும். காம்புச் சூட்டுப் பாலில் தனிச் சத்து என்று பாட்டிலில் அடைத்து இரட்டை விலைக்கு விற்கிறவர்கள் பேச்சைக் காதிலேயே வாங்காதீர்கள்.

இனி கடைக்காரர் சொன்ன ஊசி. வேண்டாம். சாதாரணக் கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். காசக் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், மேலே மெழுகுச் சட்டை வேறு. மனிதனுக்கே நான்கு மருந்து சேர்த்து 6 மாதம் ஆகிற நோய்க்கு 10 நாள் ஊசி எந்த மூலைக்கு? ஸ்ட்ரெப்டோமைசினோடு வழக்கமாகக் கலந்து வருகிற பெனிசிலின் இதைத் தொடவே தொடாது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் அதற்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், மருந்தும் பாலில் இறங்கும். அப்படிப்பட்ட மாட்டோடு தலை சாய்த்துக் கறக்கிற உங்களுக்கு நாளைக்கு நோய் வந்தால் என்ன மருந்து கேட்கும்? கல்லீரல் டானிக் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மாடு மெலிந்தாலும் அந்தப் பாட்டில்தான் அலமாரியை விட்டு இறங்குகிறது.

இருமுகிற மாடெல்லாம் காசம் இல்லை. நுரையீரல் புழுவும் இருமும், கம்பி விழுங்கிய மாடும் மெலியும். ஆனால் தீனி எடுத்தும் உடம்பு கரைவதும், எழுப்பினால் இருமுவதும் சேர்ந்திருப்பதால் டியூபர்குலின் என்கிற காசநோய்த் தோல் சோதனையைப் பார்த்தே ஆக வேண்டும். (கூடவே ஓயாத தண்ணீர்க் கழிச்சலும் தாடை வீக்கமும் இருந்திருந்தால் இதே குடும்பத்து ஜோனிஸ் நோயையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.)

டியூபர்குலின் எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கழுத்தின் நடுப்பகுதியில் மயிரை வழித்துவிட்டு, தோலை மடித்துக் காலிப்பர் கருவியால் கனத்தை அளந்து எழுத வேண்டும். பிறகு 0.1 மில்லி மருந்து தோலுக்குள்ளேயே போக வேண்டும். விரலால் தடவினால் பயறு அளவுக்கு ஒரு மேடு தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது, அந்தச் சோதனை செல்லாது. 72 மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கூடியிருந்தால் நோய் உண்டு. 2க்குக் கீழே என்றால் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றால் 42 நாள் கழித்து மறுபடி. சும்மா தடவிப் பார்த்து “வீக்கம் இல்லை” என்று சொல்வது சோதனை ஆகாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. நோய் முற்றி எலும்பும் தோலுமான மாட்டுக்குத் தோல் வீங்காது. கன்று ஈன்று ஓரிரு மாதத்துக்குள் போட்டாலும், சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி ஏறியிருந்தாலும் வீக்கம் ஏமாற்றும். ஏற்கெனவே போட்ட அந்த இரண்டு ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததா என்று சீட்டைப் பாருங்கள். உங்கள் மாட்டுக்கு இல்லை என்று வந்தாலும் நான் நம்ப மாட்டேன். மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் போட்டால்தான் கதை தெரியும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இந்த மாட்டை வாங்கிய அன்றைக்கு. மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், மடியைத் தட்டிப் பார்க்கிறோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடித்ததும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அந்த 72 மணி நேரத்தை யாரும் கேட்பதில்லை. முன்பணத்தைக் கொடுத்து, மாட்டை விற்பவர் கொட்டத்திலேயே நிறுத்தி, ஊசி போட்டு, நான்காம் நாள் அளந்த பிறகே பாக்கியைக் கொடுங்கள். “மூன்று நாளெல்லாம் முடியாது, வெளியூர் ஆள் ரெடியாக இருக்கிறான்” என்று அவசரப்படுத்துகிற தரகரிடம் மாடே வாங்காதீர்கள். “போன வாரம்தான் போட்டுப் பார்த்தோம், சுத்தம்” என்பவரிடமும் வேண்டாம். போன வாரம் போட்ட மாட்டில் இந்த வாரம் வீக்கம் மங்கும், 42 நாள் இடைவெளி வைத்திருப்பது அதற்காகத்தான். சீட்டில் மில்லிமீட்டர் கணக்கு இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

சந்தையில் தள்ளுவதா? தொற்றுநோய் கண்ட மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது, நோய் என்று தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதில் மாட்டுக் காசமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், உங்களுக்கு நடந்ததை அடுத்த வீட்டுக்குச் செய்ய உங்களுக்கே மனசு வராது. ஊர் கால்நடை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்து டியூபர்குலின் வரவழைக்கச் சொல்லுங்கள். கையிருப்பு இல்லையென்றால் மதுரை திருப்பாலையில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் விசாரியுங்கள்.

அதுவரை இந்த மாட்டைக் காற்று மற்றதன்மேல் அடிக்காத பக்கம் கட்டுங்கள். முக்கியமாகக் குளுதாடி தனி. நான்கும் ஒரே குளுதாடியில் மூக்கை விட்டுக் கழனித்தண்ணி குடித்தால், கொட்டத்தைப் பிரித்து ஒரு பயனும் இல்லை. மாடு கோழையைத் துப்பாது, விழுங்கும். கிருமி சாணத்தில் இறங்கும். நிழலில் ஈரச் சாணியில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நேர் வெயிலில் சீக்கிரம் சாகும். இதன் சாணியைத் தனிக்குழியில் போடுங்கள், வாசல் தெளிக்க எடுக்காதீர்கள். தரையைச் சாணி போகச் சுரண்டிக் கழுவிய பிறகு 5 சதவீத ஃபீனால் கரைசலை, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர் கணக்கில், ஊற்றி ஊறவிடுங்கள். சாணியின் மேலேயே ஊற்றினால் காசுக்குத்தான் கேடு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலைப் பொசுக்கும்.

இதன் கன்றுக்கும் பச்சைப்பால் வேண்டாம், காய்ச்சி ஆற்றி வாளியில் கொடுங்கள். அடுத்து ஈனுகிற மாட்டுக்கு நோய் உறுதியானால், சீம்பாலை 60 டிகிரியில் 60 நிமிடம் வைத்துக் கொடுக்கலாம். அதற்கு மேல் சூடேறினால் திரிந்து கட்டியாகிவிடும்.

கறக்கிறவர், கொட்டத்தில் படுக்கிறவர் எல்லோரும் ஒரு தடவை மார்புப் படம் எடுத்துவிடுங்கள். நோய் மாட்டிலிருந்து மனிதனுக்கு மட்டும் வருவதில்லை. காசம் உள்ள ஆள் தீனி வைத்தாலும் மாட்டுக்கு ஒட்டும். போன ஆவணிக்கு முன்பே வீட்டில் யாராவது இருமிக்கொண்டிருந்தார்களா என்று யோசித்துப் பார்த்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.