1 டிபி போதும் என்கிறார் டீலர். எத்தனை நாளுக்கு?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். போன மாதம் ஸ்டாக் எடுத்தபோது இரண்டு துணி ரோல் குறைந்தது. கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பழைய ரெக்கார்டரில் (டிவிஆர்) தேடினால் ஐந்து நாள் பதிவுதான் இருந்தது. எட்டு கேமராவோடு புதிதாக மாற்றப் போகிறேன். டிவிஆர் வாங்கவா, என்விஆர் வாங்கவா? டீலர் 1 டிபி ஹார்டு டிஸ்க் போதும் என்கிறார்.

பதில்: கோஆக்சியல் கேபிள் (கேபிள் டிவிக்கு வருவது மாதிரியானது) வழியே வரும் காட்சியைப் பதிவு செய்வது டிவிஆர், நெட்வொர்க் கேபிள் வழியே வருவதைப் பதிவு செய்வது என்விஆர். எது வேண்டும் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போவதுதான் இந்த மெஷின்களின் வேலை. ரோல் காணாமல் போன நாளுக்கும் அது உங்களுக்குத் தெரிந்த நாளுக்கும் நடுவில் அந்தக் காட்சி அழிந்துவிட்டது. நீங்கள் மாதம் ஒருமுறை ஸ்டாக் எடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது அந்த முப்பது நாளும், மேலே ஒரு வாரமும்.

கணக்கு எளிது. இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில், நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி ஆகும். எட்டு கேமராவுக்கு 173 ஜிபி. அப்படியானால் 1 டிபி ஆறு நாள்கூடத் தாங்காது. 37 நாளுக்கு 6.4 டிபி வருகிறது, அதனால் 8 டிபி டிஸ்க் வாங்குங்கள். நீங்கள் பார்க்கும் ரெக்கார்டர் அவ்வளவு பெரிய டிஸ்கை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். கொட்டேஷனில் ‘எட்டு கேமரா, 1 டிபி’ என்று எழுதுகிறார்களே தவிர, ‘இத்தனை நாள் பதிவு நிற்கும்’ என்று எழுதவே மாட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குகிற டீலரிடம் வாங்க வேண்டாம்.

டிஸ்கிலேயே பெரிய ஏமாற்று நடக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்கைத் துடைத்து, புதிய ஸ்டிக்கர் ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். இரவு பகலாக எழுதுவதற்கென்றே தயாராகும் கண்காணிப்பு டிஸ்க்தான் வேண்டும். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, வாரன்டி எதுவரை இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இன்னொன்று, ‘1080என்’ அல்லது ‘1080 லைட்’ என்று பெட்டியில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கேமரா முழு எச்டி கொடுத்தாலும் அந்த டிவிஆர் அகலத்தில் பாதிப் புள்ளிகளைத்தான் பதிவு செய்யும். நேரலையில் முகம் நன்றாகத் தெரியும், ரீப்ளேயில் கலங்கிவிடும். ஒரு நாள் பதிவை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டையும் மொபைல் ஆப் கணக்கையும் தன் பெயரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சார்ஜ் வாங்குபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கம்பெனி போட்டு அனுப்பும் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் முடங்கியதற்குப் பின்னால் இருந்தவை, இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு வழியே ஹேக்கர்கள் கைப்பற்றிய கேமராக்களும் டிவிஆர்களும்தான்.

‘அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் சின்ன டிஸ்கே போதும்’ என்பார்கள். தையல் பகுதியில் இது வேலைக்கு ஆகாது. மின்விசிறியும் ஆடும் துணியும் நாள் முழுக்க அசைவாகவே கணக்காகும். ஒரே ஒரு இடத்தில் இதை ஒத்துக்கொள்ளலாம்: இரவில் பூட்டிக் கிடக்கும் குடோன். அங்கேயும் இரவு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், லென்ஸ் ஓரம் சிலந்தி வலை கட்டும், காற்றில் வலை ஆடினால் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மனித உருவத்தை மட்டும் அடையாளம் காணும் வசதியுள்ள கேமராவாக இருக்கட்டும். அசைவுக்குப் பத்து நொடி முன்பிருந்து பதிவாகும்படி அமையுங்கள். வாரம் ஒரு தடவை லென்ஸைத் துடையுங்கள். வேலை நேரத்துக்குத் தொடர் பதிவு, பூட்டிய பிறகு மட்டும் அசைவுப் பதிவு என்று நேர அட்டவணை போடுங்கள். இத்தனையும் செய்ய முடியாவிட்டால் குடோனுக்கும் தொடர் பதிவே நல்லது.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். பழைய கோஆக்சியல் கேபிள் நன்றாக இருந்தால் டிவிஆரே போதும். கேபிளும் புதிதாக இழுப்பதாக இருந்தால் என்விஆர். அதில் ஒரு கேபிள் ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. எதுவானாலும் சுத்தமான தாமிரக் கேபிள் கேளுங்கள், தாமிரம் பூசிய அலுமினியத்தைத் தள்ளிவிடுவார்கள். உடை மாற்றும் அறை, கழிவறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். நேரம் தவறாக ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். பதிவின் நகலைக் கோர்ட்டில் சான்றாகக் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். இருபது தையல் மெஷின் வைத்திருக்கும் ஒருவர் அந்த நிபுணரை எங்கே போய்த் தேடுவார்? சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் போலீஸ் டிவிஆரையே எடுத்துப் போவதும் உண்டு, அப்போது யூனிட்டில் பதிவே இருக்காது. திருட்டு தெரிந்த அன்றே அந்தப் பகுதியைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள், மெஷினையும் தொடாமல் வையுங்கள்.

பழைய டிவிஆரில் அழிந்த பதிவை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மேலே புதிய காட்சி எழுதப்பட்டுவிட்டது. அது திரும்பி வராது.