தந்தி இருந்தும் 20 நாள் தாமதம் ஏன்?

கேள்வி: 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் ஜூலு படை ஆங்கிலேயரைத் தோற்கடித்தது. லண்டனுக்கு அந்தச் செய்தி எட்டியது பிப்ரவரி 11 அன்று. தந்தி இருந்த காலத்தில் ஏன் இவ்வளவு தாமதம்? பழைய செய்தித்தாள்களைப் படிக்கும்போது இதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அப்போது தென்னாப்பிரிக்காவுக்குக் கடலடித் தந்திவடம் போடப்படவில்லை. செய்தி கேப் டவுனில் கப்பலேறி, கேப் வெர்ட் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் தந்தியாக லண்டன் போனது. பெரும்பாலான நாள்களை விழுங்கியது அந்தக் கப்பல் பயணம். 1879 இறுதியில் ஏடன், சான்சிபார் வழியாக டர்பனுக்கு வடம் வந்துவிட்டது. 1881 பிப்ரவரி 27 அன்று தென்னாப்பிரிக்காவின் மஜூபா மலையில் ஆங்கிலேயருக்கு நேர்ந்த தோல்வி மறுநாளே லண்டனுக்குத் தெரிந்துவிட்டது.

எந்தச் செய்தியானாலும் நான்கு தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்தது, தந்திக்குக் கொடுத்தது, லண்டன் சேர்ந்தது, அச்சானது. இரண்டாவது தேதி, ஊர்ப்பெயருடன் செய்தியின் தலைப்பிலேயே இருக்கும். பக்கத்திலேயே எந்த ஊர் வழியாக வந்தது என்றும் போட்டிருப்பார்கள். அந்தச் சிறிய வரியை விட்டுவிடாதீர்கள். கப்பல் எங்கே குறுக்கிட்டது என்று சொல்வது அதுதான்.

முதல் இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. போர்க்களத்தில் தந்தி நிலையம் இருக்காது. 1879 ஜூலை 4 அன்று ஜூலுக்களுடன் நடந்த உலுண்டிப் போர் முடிந்ததும் நிருபர் ஆர்ச்சிபால்ட் ஃபோர்ப்ஸ் இரவெல்லாம் குதிரையோட்டி, சுமார் 100 மைல் தள்ளி லேண்ட்மன்ஸ் டிரிஃப்ட்டில் இருந்த தந்தி நிலையத்தை அடைந்தார். கடைசி இடைவெளி சிறியது. இரவு அச்சுக்குப் போன பிறகு வந்த தந்தி அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகும். நடுவில் ஞாயிறு வந்தால் இன்னும் ஒரு நாள் கூடும்.

அச்சான தேதியை வைத்துச் சம்பவங்களை வரிசைப்படுத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் சுருக்கமான தந்தி வரும். அதே நிருபர் தபாலில் அனுப்பிய விரிவான கடிதம் பல நாள் கழித்து, அதற்குள் வேறு தந்திகள் அச்சான பின் வரும். சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் தந்தியை எலும்புக்கூடாக அனுப்புவார்கள், லண்டனில் உதவி ஆசிரியர்கள் அதை வாக்கியமாக்குவார்கள். ஆகவே பலி எண்ணிக்கை, ஊர்ப்பெயர், படைப்பிரிவின் பெயர் மூன்றையும் தந்தியிலிருந்து எடுக்காதீர்கள். கடிதத்தோடும், பின்னர் வெளியான அரசு அறிக்கையோடும் ஒப்பிட்ட பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.