தாத்தா எழுதிவைத்த நூலகத்தை இடிக்கலாமா?

கேள்வி: என் தாத்தா தம் உயிலில், பல்கலைக்கழகம் ஒன்றில் நூலகக் கட்டடம் கட்டப் பணம் எழுதிவைத்தார். இப்போது அதை இடித்துவிட்டு நிர்வாக அலுவலகம் கட்டப் போகிறார்களாம். வாரிசுகளான நாங்கள் கட்டடத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: திரும்பக் கேட்பது பெரும்பாலும் நடக்காது. நூலகத்துக்கு என்று கொடுத்தது நூலகத்துக்கே பயன்பட வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு உயிலின் வாசகம் இடம் தர வேண்டும். பணத்தை முழு உரிமையோடு அளித்துவிட்டு, "நூலகம் கட்டினால் மகிழ்வேன்" என்று எழுதியிருந்தால் அது வெறும் விருப்பம். "நூலகம் கட்டுவதற்காகவே" என்றிருந்தால், அது பொது அறக்கட்டளை, பல்கலைக்கழகம் அதன் அறங்காவலர் என்று வலுவாக வாதாடலாம்.

சென்னையிலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைப் பெரும்பாலும் கோயில் அறப்பணிகளுக்கு எழுதிவைத்தார். வழக்குகளில் பல பத்தாண்டுகள் முடங்கிய பணம் வட்டியோடு பெருகி நின்றது. அரசின் தலைமை வழக்கறிஞராக, அதாவது அட்வகேட் ஜெனரலாக, அன்று இருந்த ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியால், கோயில் பணிகள் போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழிசெய்தது. 1842-இல் பள்ளி வந்தது. 1850-இல் கிரேக்கக் கோயிலின் சாயலில், உயர்ந்த தூண்களோடு பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பட்டது. அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பணத்தின் போக்கை மாற்றியது நீதிமன்றம், பணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தம் இஷ்டத்துக்கு மாற்றவில்லை.

இன்றைய சட்டமும் அதையே சொல்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். வாரிசுகளோடு அங்கே படிக்கும் மாணவர் ஒருவரும் சேர்ந்தால் வழக்குக்கு வலு கூடும். மூல நோக்கம் நிறைவேறிவிட்டது, அல்லது இனி நிறைவேற்ற வழியில்லை என்பது போன்ற காரணங்கள் இருந்தால்தான் நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் இசையும். அலுவலகத்துக்கு இடம் போதவில்லை என்பது அப்படிப்பட்ட காரணமாக எனக்குப் படவில்லை.

முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள். உயிலின் சான்றிட்ட நகல் வேண்டும். நன்கொடையை ஏற்ற சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) தீர்மானத்தையும் கணக்குகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வாசல் கல்வெட்டை இன்றே படம் எடுத்துவிடுங்கள். தாத்தாவின் பெயரோடு "நூலகத்துக்காக" என்ற ஒரு சொல் அதில் பொறிக்கப்பட்டிருந்தால், கொடை எதற்காக ஏற்கப்பட்டது என்பதற்கு அதுவும் சாட்சி. கட்டடம் உண்மையிலேயே பழுதாகியிருந்தால் பிடிவாதம் வேண்டாம். புதிய கட்டடத்தில் அதே பெயரில் நூலகம் அமைய வேண்டும் என்று எழுத்தில் உறுதி கேளுங்கள்.