டேப் வேண்டாம், உறை போதும்

கேள்வி: மூலக்கடை பக்கம் பழைய கார் வாங்கி விற்கிறேன். 'விற்பனைக்கு' சீட்டை டேப் போட்டு ஒட்டி ஒட்டிக் கண்ணாடியெல்லாம் ஒரே பிசுக்கு. வேறு வழி உண்டா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: டேப்பைத் தூக்கிப் போடுங்கள். ஏ4 தாள் நுழைகிற கெட்டியான பிளாஸ்டிக் உறை, மூலைக்கு ஒரு ரப்பர் வாக்யூம் கப் வைத்தது வாங்குங்கள். வண்டி விற்றதும் தாளை உருவிவிட்டு அதே உறையை அடுத்த வண்டியில் மாட்டலாம். கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, கப்பை லேசாக ஈரமாக்கி அழுத்தினால்தான் நிற்கும், இல்லையென்றால் நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு மத்தியானமே டேஷ்போர்டில் குப்புற விழுந்து கிடக்கும். பழைய பிசுக்கா? தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். பின்கண்ணாடியில் சூடேற்றும் கோடுகள் இருந்தால் பிளேடு மட்டும் கூடாது, கோடு அறுந்துவிடும். அப்புறம், யாராவது ஓட்டிப் பார்க்க வந்தால் முன்கண்ணாடி உறையைக் கழற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.